மொட்டைப் பாறை என்று எதுவும் இல்லை

‘கரட்டில் என்ன இருக்கிறது, கல்லும் முள்ளும்தானே’ என்ற பேச்சைத் தமிழ்நாட்டில் எங்கும் கேட்கலாம். ஊர்க்கூட்டத்தில் கேட்கலாம், கல்லூரி மாணவர்களின் நலப்பணி முகாமில் கேட்கலாம், அரசுக் கோப்புகளிலும் வேறு சொற்களில் படிக்கலாம். இந்தப் பேச்சிலிருந்து ஒரு செயல்திட்டமே முளைத்துவிட்டது. பாறைக் குன்றுகள் சும்மா கிடக்கின்றன. அவற்றில் மண்டியிருப்பது களை. அதை வெட்டி எறிந்துவிட்டுக் குழி தோண்டி மரக்கன்று நட வேண்டும். ஏற முடியாத இடத்தில் விதைப்பந்து வீச வேண்டும் என்பது அந்தத் திட்டம். ‘மொட்டைப் பாறையைப் பசுமையாக்குவோம்’ என்ற முழக்கத்தை எதிர்த்துப் பேச யாரும் முன்வருவதில்லை. நான் எதிர்த்துப் பேசுகிறேன். அந்த முழக்கத்தின் அடிப்படை பொய். அதன்படி நடந்தால் மிஞ்சப்போவது அழிவு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலு குறையாமல் முதலில் சொல்லிவிடுகிறேன். கோடை கடுமையாகிக்கொண்டே போகிறது, மரம் வேண்டும். பட்டா நிலத்தில் நட உரிமையாளர் விடமாட்டார். சாலையோரத்தில் நட்டால் நாளைக்கு அகலப்படுத்த வெட்டுவார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பரந்து கிடப்பவை குன்றுகள்தாம். மேலும், இந்தக் குன்றுகளில் பல ஒரு காலத்தில் காடாக இருந்து விறகுக்கும் சூளைக்கும் மொட்டையடிக்கப்பட்டவை. இழந்ததை மீட்பது கடமை. இன்று அங்கே நிற்பவை உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் என்றால் அவற்றைவிட ஒரு வேம்பும் புங்கனும் மேல்தானே? இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணம் உள்ளவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்துக் கடப்பாரையும் தண்ணீர்க் குடமுமாக மலையேறுபவர்கள். அவர்களுடைய உழைப்பை மதிப்பதால்தான் அவர்களுடைய வாதத்துக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

1. ‘அங்கே ஒன்றுமில்லை’

யார் பார்த்துவிட்டுச் சொன்னது? கோடையில் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பாறை கறுப்பாகத் தெரியும். அது கல்லின் நிறமன்று. பாறைமேல் படிந்து வாழும் நீலப்பச்சைப் பாசிகளின் நிறம். மழை வந்தால் விழித்து, வெயில் வந்தால் காய்ந்து உறங்கும் அந்தப் பாசிப் படலத்தில் சில வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன. ஆகவே ‘மொட்டை’ என்று நாம் பழிக்கும் அந்த வழுக்குப் பாறையே ஓர் உயிர்ப்பரப்பு.

இன்னும் கிட்டே போய்ப் பாருங்கள். பாறையில் சிறு பள்ளங்கள் இருக்கும். அவற்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மண் சேர்ந்திருக்கும். அந்த மண்ணில் பங்குனி, சித்திரையில் சாம்பல் நிறத்தில் பொசுங்கிப்போன புல் குத்துகளும், சுருண்டு கிடக்கும் பெரணிகளும் தெரியும். தொட்டால் நொறுங்கும். செத்துவிட்டன என்றே யாரும் நினைப்பார்கள். ஒரு நல்ல மழை பெய்த மறுநாளோ அதற்கு மறுநாளோ போய்ப் பாருங்கள். அதே குத்து, அதே இலைகளோடு பச்சையாக நிற்கும். புது விதை முளைத்து வந்த பச்சையில்லை அது, பழைய இலையே மீண்டும் உயிர்பெற்ற பச்சை. ஒரோபீட்டியம், டிரைப்போகான் ஆகிய சிறு புற்களும் மயிற்சிகைப் பெரணியும் இந்த வகை. திசுக்களில் உள்ள நீரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தாலும் இவை சாவதில்லை. நெல்லோ சோளமோ அதில் பாதியை இழந்தாலே மீளாது. நம் பாறைகளில் வளரும் ஒரோபீட்டியம் தோமேயம் என்ற விரல் உயரப் புல்லின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்து 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். வறட்சியைத் தாங்கும் பயிர்களை உருவாக்கும் வழியை அந்தப் புல்லிடம் தேடுகிறது அறிவியல் உலகம். நாமோ அதன்மேல் கடப்பாரையைப் போடுகிறோம்.

ஒரே குன்றுக்குள் இப்படிப் பல வாழிடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. சுனையிலும் மழைநீர் தேங்கும் குழிகளிலும் சில மாதங்கள் மட்டுமே வாழ்ந்து விதைத்துவிட்டு மறையும் நீர்ச்செடிகள் உண்டு. நீர் கசியும் பாறைச் சரிவில் சத்தே இல்லாத ஈரமண்ணில் அழுகண்ணி பூச்சிகளைப் பிடித்துத் தின்று நைட்ரஜன் பெறுகிறது. வெடிப்புகளில் கல்லிச்சி வேரிறக்குகிறது. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மஞ்சள் பூவோடு கோங்கு நிற்கிறது. பாறையோரப் புதர்களின் நிழலில் கள்ளிமுளையானும் பிரண்டையும் சதுரக்கள்ளியும். சரிவு தணிந்து மண் கூடும் இடத்தில் விராலி, உசில், காரை, கிளுவை, வெப்பாலை. உலகின் பல நாடுகளில் இத்தகைய தனிக்குன்றுகளை ஆராய்ந்தவர்களின் கட்டுரைகளைப் போரெம்ப்ஸ்கி, பார்த்லாட் என்ற இரு ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாகத் தொகுத்தார்கள். சமவெளிக் கடலில் தீவுகள் போலத் தனித்து நிற்கும் வாழிடங்கள் என்று அறிவியல் இவற்றை நடத்துகிறது. வருவாய்த்துறைப் பதிவேடு ‘கல்லாங்குத்து’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

2. ‘இருப்பதெல்லாம் களைதான்’

எதைக் களை என்கிறீர்கள்? பெயர் தெரியாத புல்லையெல்லாமா? முள் இருப்பதையெல்லாமா? காரையும் கிளுவையும் முள்செடிகள்தாம். அவை இந்த மண்ணின் செடிகள். முள்ளே இல்லாத சவுண்டல் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே அடங்காமல் பரவுவது. முள்ளையும் உயரத்தையும் பூவின் அழகையும் வைத்துத் தீர்ப்பெழுதினால் தீர்ப்பு தலைகீழாகத்தான் வரும்.

வயலில் களை என்பதற்குத் தெளிவான அளவுகோல் இருக்கிறது: பயிருக்குப் போட்டியாக வருவது களை. குன்றில் பயிர் எதுவும் இல்லாதபோது அந்த அளவுகோல் செல்லாது. இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தச் செடி எங்கிருந்து வந்தது? வந்த இடத்தில் எதை விரட்டுகிறது? இதை உண்ணும் பூச்சியோ ஆடோ இங்கே இருக்கிறதா? வெட்டுக்காயப்பூண்டு அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நம் கைவைத்தியத்தில் கலந்துவிட்டது, மிதிபட்ட பாதையோரங்களில் நிற்கிறது, பாறைச் சமூகத்தைக் குலைத்ததாகத் தெரியவில்லை. உண்ணிச்செடி அப்படியில்லை. 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது அது. இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடு அண்டாது. பழத்தைச் சின்னான்கள் தின்று விதையைக் குன்றெங்கும் கொண்டுபோகும். புதராக மண்டினால் அடியில் ஒரு புல்லுக்கும் வெளிச்சம் கிடைக்காது. சீமைக்கருவேலத்தின் நெற்றை ஆடுகள் தின்று புழுக்கையோடு விதையை விதைக்கின்றன. இவை படையெடுத்து வந்த செடிகள். இவற்றை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை.

ஆனால், உண்ணிச்செடியை அகற்றும் அதே கை பக்கத்தில் நிற்கும் விராலியையும் காரையையும் சேர்த்தே வெட்டுகிறதே, அதற்கு என்ன பெயர்? ‘புதர் அகற்றும் பணி’ என்று அறிக்கையில் எழுதப்படுகிறது. வெட்டுபவருக்குச் செடியை அடையாளம் காட்டிக்கொடுக்க யாரும் உடன் செல்வதில்லை. பொக்லைன் இயந்திரத்துக்கு உள்ளூர்ச் செடியும் ஒன்றுதான், வந்தேறிச் செடியும் ஒன்றுதான்.

3. ‘காலி இடம்தானே, நட்டால் என்ன நட்டம்?’

நட்டம் எங்கே நேர்கிறது என்பதைப் பார்க்க ஒரு குழி போதும். வழுக்குப் பாறையில் கடப்பாரை இறங்காது. இறங்கக்கூடிய இடம் அந்தச் சிறு மண் பள்ளங்களும், வெடிப்புகளும், பாறையடி மண் திட்டுகளும்தாம். அதாவது, குன்றின் அரிய செடிகள் அனைத்தும் ஒண்டியிருக்கும் இடங்கள் எவையோ அவைதான் குழிக்கு ஏற்ற இடங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்தால் அந்த மண் திட்டு மொத்தமும் போயிற்று. புல் குத்தும், கிழங்கும், அடுத்த மழைக்காகக் காத்திருந்த விதைகளும் குழி மேட்டில் கொட்டப்பட்டு வெயிலில் பொரிகின்றன.

அடுத்து என்ன நடக்கிறது? பாறை மண் போதாது என்று அடிவாரத்திலிருந்து செம்மண்ணும் தொழுவுரமும் மூட்டையாக மேலே ஏறுகின்றன. அவற்றோடு பார்த்தீனிய விதையும் வயற்களைகளின் விதைகளும் ஏறுகின்றன. வறுமைதான் பாறையின் அரண். சத்தில்லாத மண், கொதிக்கும் கல், சில மாத ஈரம் ஆகியவற்றைத் தாங்கும் திறன் பெரும்பாலான களைகளுக்கு இல்லை. உள்ளூர்ச் செடிகளுக்கு உண்டு. அந்த அரணை எருவும் மண்ணும் கொண்டு உடைத்துக் களைக்கு வழிவிடுபவர்கள் களை எடுக்கப் போனவர்களே. அடுத்த புரட்டாசியில் கன்று காய்ந்திருக்கும். குழியைச் சுற்றிப் பார்த்தீனியம் பூத்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதியிலுள்ள கிரானைட் பாறைத் திட்டுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் ஸ்டீவன் ஹாப்பர். மிகப் பழமையான, சத்துக் குறைந்த நிலங்களைப் பற்றி அவர் 2009-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அத்தகைய நிலங்களின் செடிகள் நெடுங்காலம் ஒரே இடத்தில் நிலைத்திருக்கப் பழகியவை. அவற்றின் விதைகள் தொலைவுக்குப் பரவுவது குறைவு. மண்ணைக் கிளறினால் அவை மீள்வது அரிது என்பது அதன் சாரம். நம் செஞ்சிப் பாறைகளும் மிகப் பழமையானவை; அவற்றுக்கு ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயது. இப்படிப்பட்ட நிலத்தில் ‘தோண்டிப் பார்ப்போம், வந்தால் வரட்டும்’ என்ற மனப்பான்மைக்கு இடமே இல்லை.

விதைப்பந்து இன்னும் மோசம். வீசியவர் எது எங்கே விழுந்தது என்று அறியமாட்டார். விழுந்தவற்றில் முளைப்பவை மண்ணுள்ள பள்ளங்களில் விழுந்தவைதாம். உள்ளே என்ன விதை என்று கேட்டால், கிடைத்த விதை. எளிதாகக் கிடைப்பது எளிதாகப் பரவும் மரத்தின் விதை. சவுண்டலும் அதில் சேர்ந்துவிடுகிறது. உலகின் மிக மோசமான 100 படையெடுப்பு உயிரினங்கள் என்று 2000-ஆம் ஆண்டு வெளியான பட்டியலில் உண்ணிச்செடி இருக்கிறது, ஒரு சப்பாத்திக்கள்ளி இருக்கிறது, இந்தச் சவுண்டலும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்து மலையில் எறியச் சொல்வதற்குப் பெயர் சூழலியல் கல்வியா?

4. ‘முன்பு இங்கே காடு இருந்தது’

எங்கே இருந்தது என்று சொல்லுங்கள். அடிச்சரிவிலா, பாறை முகத்திலா? அடிச்சரிவில் பல இடங்களில் காடு இருந்தது என்பது உண்மை. மண் ஆழமாக இருந்த அந்தச் சரிவுகளில் உள்ளூர் மரங்களைக் கொண்டு காட்டை மீட்பது நல்ல வேலை. திருவண்ணாமலைச் சரிவுகளில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, இந்த மண்ணின் மரங்களை நட்டுக் காத்துவரும் முயற்சியை நான் மதிக்கிறேன். அந்த வெற்றியை எடுத்துக்கொண்டு, மண்ணே இல்லாத பாறை முகத்துக்கும் அதே மருந்து என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

பாறை முகம் மனிதன் மொட்டையடித்ததால் மொட்டையானது என்றால், அங்கே மட்டுமே வாழத் தக்கவாறு உருவெடுத்த உயிர்கள் எப்படி வந்தன? காய்ந்து உயிர்பெறும் புல் சில நூற்றாண்டில் தோன்றிவிடாது. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு செக்கச் சிவந்து உடல் கறுத்துச் சுடுபாறையில் தலையாட்டும் பாறை ஓணான், தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே இல்லாதது. பாறைகளையே வீடாகக் கொண்ட ஒரு பல்லி, 2011-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. அந்தப் பெயரிலேயே கிரானைட் இருக்கிறது. மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவின் பாறையும் புதரும் சேர்ந்த குன்றுகளில் மட்டும் வாழும் பறவை. உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. நிழலடர்ந்த காடு இவற்றின் இருப்பிடமாக இருந்ததே இல்லை. திறந்த பாறையும் புதரும் மனிதன் கோடரி எடுப்பதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே இருந்தன என்பதற்கு இந்த உயிர்களே சாட்சி. அவை இருக்கும் இடத்தைக் காடாக்குவதை மீட்பு என்று சொல்ல முடியாது. அது வாழிடப் பறிப்பு.

5. ‘மரம் வைத்தால் நீர் சேரும்’

குன்று நமக்குத் தரும் நீர் எப்படி வருகிறது என்று கண்மாய்ப் பாசனக்காரரைக் கேளுங்கள். பாறையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி நிற்காமல் வழிந்து ஓடையாகிறது. ஓடை கண்மாய்க்குப் போகிறது. கொஞ்சம் சுனையிலும் வெடிப்பிலும் தங்கி மெல்லக் கசிகிறது. குன்று கூரையென்றால் கண்மாய் அதன்கீழ் வைத்த தொட்டி. கூரையில் ஓட்டை போட்டுத் தொட்டி நிரம்பும் என்று எதிர்பார்ப்பது என்ன கணக்கு?

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193.215 எக்டேர் பரப்பு. அங்குள்ள ஏழு குன்றுகளும் 72 ஏரிகளுக்கும் 200 இயற்கைச் சுனைகளுக்கும் 3 தடுப்பணைகளுக்கும் நீர்தருபவை என்று அரசே சொன்னது. அந்த நீரைத் தருவது தோப்பு இல்லை, திறந்த பாறை. சுனையோரத்துக் கசிவில் நீர்வேட்கை மிகுந்த மரம் ஒன்று வேர்பிடித்தால் முதலில் வற்றுவது சுனை. சுனை வற்றினால் அழுகண்ணி போகும். கோடையில் அங்கே தண்ணீர் குடிக்க வரும் பறவையும் போகும்.

6. ‘33 விழுக்காட்டை எட்ட வேண்டாமா?’

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாகவோ மரப்பரப்பாகவோ இருக்க வேண்டும் என்றது. மலைப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கு என்றது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் 33 விழுக்காட்டையே இலக்காகக் கொண்டது. இலக்கு நல்லதாக இருக்கலாம். அளக்கும் கோல் கோணலாக இருக்கிறதே!

குறைந்தது ஒரு எக்டேர் நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இந்திய வன ஆய்வு நிறுவனம் அதைக் காட்டுப்பரப்பாகக் கணக்கிடுகிறது. என்ன மரம், யார் நட்டது என்று கேட்பதில்லை. ஆகவே தைலமரத் தோப்பு காடு. உசிலும் காரையும் விராலியும் புல்லும் கலந்து ஆயிரம் உயிர்களைத் தாங்கும் பாறைக் குன்று வெறும் புதர், கணக்கில் பூச்சியம். இன்னொரு பக்கம், மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் தரிசுநில வரைபடத் தொகுப்பு, பாறைப் பரப்பையும் புதர் நிலத்தையும் தரிசின் வகைகளாகவே பட்டியலிடுகிறது. இரண்டு ஏடுகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஓர் ஏடு இந்தக் குன்றைக் காடில்லை என்கிறது. மற்றொன்று வீண்நிலம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று ஓர் அதிகாரி இலக்கை எட்ட வேண்டுமென்றால் அவருடைய விரல் எங்கே போய் நிற்கும்? கரட்டில்தான். தவறு அந்த அதிகாரியின் கண்ணில் மட்டும் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட ஏட்டிலேயே இருக்கிறது.

7. ‘பயனில்லாத நிலத்தைப் பயனுள்ளதாக்குகிறோம்’

யாருக்குப் பயனில்லை? ஆடு மேய்ப்பவருக்குக் கரடுதான் மழைக்காலப் புல்வெளி. கீழே வயலெல்லாம் பயிராக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அவருடைய மந்தைக்கு வேறு போக்கிடம் இல்லை. மூலிகை பறிப்பவருக்கும், தேன் எடுப்பவருக்கும், கள்ளிமுளையானைக் கிள்ளிவந்து துவையல் அரைக்கும் வீட்டுக்கும் அது பயனுள்ள நிலம்தான். இவர்களில் ஒருவரும் நடவுத் திட்டக் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை. கன்று நட்டுக் கம்பிவேலி போட்டதும் முதலில் விரட்டப்படுவது ஆட்டுக்காரர்.

இனி, இந்த வாதத்தின் மிகக் கொடிய விளைவுக்கு வருகிறேன். ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று மரம் நடுபவர் சொல்கிறார். அதே சொல்லைத்தான் கல்குவாரிக்காரரும் சொல்கிறார். ஒன்றுமில்லாத இடத்தில் மரம் வைப்பது புண்ணியம் என்றால், ஒன்றுமில்லாத இடத்தைக் கல்லாக அறுத்து விற்பதும் பொருளாதாரம்தானே? முன்னுரையை ஒப்புக்கொண்ட பிறகு முடிவுரையை மட்டும் மறுக்க முடியாது. மதுரை வட்டாரத்தில் குன்றுகள் கிரானைட் கல்லாக அறுபட்டுக் காணாமல் போனதை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் சட்ட ஆணையரை நியமித்து விசாரிக்க வேண்டிவந்தது. அந்தக் குன்றுகளுக்காக முன்கூட்டியே யாரும் எழாததற்கு ஒரு காரணம், அவை பயனற்ற கல் என்று நாம் அனைவரும் பழகியிருந்தது.

அரிட்டாபட்டியில் நடந்ததைப் பாருங்கள். மரபுத் தலமாக அறிவித்து இரண்டு ஆண்டுகூடப் புரளவில்லை. 2024 நவம்பரில் அதை உள்ளடக்கிய சுமார் 5,000 ஏக்கர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. காத்தது மக்களின் போராட்டம். அந்தப் போராட்டத்தின் கையில் ஒரு பட்டியல் இருந்தது: ஏறக்குறைய 250 பறவை இனங்கள், லகுடு வல்லூறு, சுனைகள், தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில். ‘இங்கே இன்னின்ன இருக்கின்றன’ என்று சொல்ல முடிந்த குன்று தப்பியது. சொல்ல ஆளில்லாத குன்றுகள் ஜல்லியாகிச் சாலையில் கிடக்கின்றன. ஆகவே ‘மொட்டைப் பாறை’ என்று பேசும் பசுமை ஆர்வலரே, நீங்கள் அறியாமல் எழுதிக்கொடுப்பது குவாரி உரிமத்துக்கான பரிந்துரைக் கடிதம்.

அப்படியானால் கைகட்டி நிற்பதா?

இல்லை. செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. நடவைவிடக் கடினமான வேலை. களையெடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சிட்னியில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் தம் வீட்டருகே இருந்த புதர்க்காட்டில் கையால் களையெடுத்து ஒரு முறையை வகுத்தார்கள். உள்ளூர்ச் செடிகள் நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்கு. அங்கிருந்து களை மண்டிய இடத்தை நோக்கி மெல்ல நகரு. மண்ணை இயன்றவரை கிளறாதே. உள்ளூர்ச் செடி தானே முளைத்து இடத்தை நிரப்பும் வேகத்துக்கு மேல் போகாதே. நாம் செய்வது இதற்கு நேர்எதிர். களை மிகுதியான அடிவாரத்தில் இயந்திரத்தை விட்டு ஒரே நாளில் வழித்தெடுக்கிறோம். வெறுமையான அந்த மண்ணில் மறு ஆண்டு இரட்டிப்பாகக் களை வருகிறது.

உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு காட்டிய வழி எளியது: மண்ணுக்குச் சற்றுக் கீழே, தளிர்விடும் பகுதிக்கு அடியில் ஆணிவேரை வெட்டித் தூரோடு கவிழ்த்துவிட வேண்டும். பெரிய குழியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். பிறகு சில ஆண்டுகள் வந்து வந்து, முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். சப்பாத்திக்கள்ளி தென்னிந்தியாவையே மூடியிருந்த காலம் உண்டு. 1926-இல் இலங்கை வழியாகக் கொண்டுவந்த ஒரு மாவுப்பூச்சிதான் அதை ஒடுக்கியது. படையெடுத்த செடியை அடக்க முடியும். எந்தச் செடியைக் குறிவைக்கிறோம் என்பதில் துல்லியமும், பல ஆண்டுப் பொறுமையும் இருந்தால் முடியும். 2022-இல் தமிழ்நாடு அரசு படையெடுப்புச் செடிகளுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதைப் பாறைக் குன்றுகளுக்கும் கொண்டுவர வேண்டும். ‘அகற்றிய இடத்தில் கன்று நடு’ என்று பின்குறிப்புச் சேர்க்காமல் கொண்டுவர வேண்டும்.

மரம் நட ஆசையா? ஊருணிக் கரை இருக்கிறது, கண்மாய்க் கரை இருக்கிறது, பள்ளி வளாகம் இருக்கிறது, நிழலே இல்லாத பேருந்து நிறுத்தம் இருக்கிறது, காடழிந்த அடிச்சரிவு இருக்கிறது. வெயிலில் வாடும் மக்கள் வாழ்வது அங்கேதான். நிழல் விழ வேண்டியதும் அங்கேதான். பாறை உச்சியில் ஒரு புங்கன் பிழைத்தாலும் அதன் நிழல் யார் தலைமேல் விழப்போகிறது? ஊருக்குள் இடம் கிடைப்பது கடினம் என்கிறீர்கள். கடினம்தான். ஆக்கிரமிப்பாளரோடும் சாலை ஒப்பந்தக்காரரோடும் மல்லுக்கு நிற்க வேண்டும். எதிர்ப்பில்லாத இடம் என்பதற்காகக் கரட்டைத் தேர்ந்தெடுத்தால், பேச வாயில்லாத உயிர்களின்மேல் நம் இயலாமையைச் சுமத்துகிறோம் என்று பொருள்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது; ஊரின் உயிர்வளத்தை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது; அதன் 37-ஆவது பிரிவு மரபுத் தலம் அறிவிக்க வழிசெய்கிறது. ஒவ்வொரு கரட்டுக்கும் அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கம் வேண்டும். மழை முடிந்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, ஆட்டுக்காரரையும் வைத்தியரையும் தாவரவியல் படித்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ஏறிப்பார்த்து எழுத வேண்டும். அந்தப் பக்கம் எழுதப்படும்வரை அங்கே கடப்பாரையும் இறங்கக் கூடாது, வெடிமருந்தும் இறங்கக் கூடாது.

இதுவரை சான்று காட்டும் பொறுப்பைக் குன்றின்மேல் போட்டிருந்தோம்: நீ பயனுள்ளவன் என்று காட்டு, விட்டுவிடுகிறோம் என்றோம். அதைத் திருப்பிப் போட வேண்டும். ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுபவர், அது வனத்துறையாக இருந்தாலும் கனிமத்துறையாக இருந்தாலும் பசுமை அமைப்பாக இருந்தாலும், அதை நிரூபிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும். நிரூபிக்க முடியாதவர் கரட்டைத் தொடக் கூடாது.